கை சுத்தமும் வைட்டல்ஸும்: புதிய மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்?

ஏழாம் வார்டு:

வணக்கம். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியை. இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகளுக்குக் கை சுத்தமும் வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் போன்ற அளவுகள்) எடுப்பதும் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இருபத்தைந்து பேர் கொண்ட குழு, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு மணி நேரம்.

இதுவரை நாங்கள் செய்துவந்த முறை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஸ்லைடு போடுவோம். கை தேய்க்கும் படிகளைக் காற்றிலேயே செய்து காட்டுவோம், பிள்ளைகளும் காற்றிலேயே செய்வார்கள். நண்பனுக்கு நண்பன் பிபி பார்ப்பான். லாக் புக்கில் கையெழுத்து விழும். 2019இல் புதிய பாடத்திட்டம் வந்த பிறகு ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்ற தொடக்கப் பயிற்சியிலேயே தொற்றுத் தடுப்பு சேர்ந்துவிட்டது, அது நல்ல மாற்றம். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகள் போஸ்டிங்குக்கு (வார்டுப் பயிற்சிக்கு) வரும்போது பார்க்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) பாட்டில் தொங்குகிறது. எட்டு நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், ஒருவர் கையும் அதன் பக்கம் போகவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டம். 18, 18, 20, 18. நிமோனியா நோயாளிக்கும் 18, குடலிறக்க அறுவைக்குக் காத்திருப்பவருக்கும் 18. ஒரு பையனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "பார்த்தேன் மேடம், நார்மலாத்தான் இருந்துச்சு" என்றான். அக்கறையில்லாத பையன் இல்லை அவன். எண்ண வேண்டும் என்பது அவனுக்குப் பழக்கமாகவே ஆகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை இரண்டு மணி நேரத்தில் எப்படி விதைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியாலஜி வாத்தியார்:

மேடம், முதலாண்டு பிராக்டிகல் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கோளாறு எங்கள் ஆய்வகத்திலேயே தொடங்குகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கே நாடி பார்க்கிறார்கள். யாரைப் பார்த்தாலும் புத்தகத்தில் உள்ள எண்ணே வரும். நாலு வாரத்தில் "எண்ணாமலே 72 எழுதலாம்" என்று கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதை நாங்கள்தான் கற்றுத்தருகிறோம்.

நான் இப்போது செய்வது இது. பாதிப் பேரை மூன்று மாடி ஏறி இறங்கி வரச் சொல்வேன். யார் ஏறினார்கள் என்று எண்ணுபவருக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில், ஆளுக்கொரு மணிக்கட்டில் நாடியை எண்ணித் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். பிறகு தாளைப் பிரித்துப் பார்ப்போம். முதல் தடவை 84 என்றும் 110 என்றும் வரும். வகுப்பே சத்தமில்லாமல் ஆகிவிடும். யாரையும் நான் திட்டுவதில்லை, மறுபடி எண்ணச் சொல்வேன். மூன்றாவது தடவைக்குள் எண்கள் நெருங்கி வந்துவிடும்.

நாடிக்கு மூன்று விரல்: ஆள்காட்டி, நடு, மோதிர விரல். கட்டைவிரல் வைத்தால் தன் நாடியையே எண்ணிவிடும் ஆபத்து உண்டு. ஒழுங்காக ஓடும் நாடி என்றால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். தப்பித் தப்பி அடித்தால் முழு நிமிடம் எண்ண வேண்டும், ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து இதயத்துடிப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். நெஞ்சில் 120, மணிக்கட்டில் 96 என்று வித்தியாசம் வந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

பிபி பற்றி ஒரே ஒரு குறிப்பு, இதை எல்லோரிடமும் சொல்கிறேன். நம் பாதரச மானியிலும் சரி, முள் சுற்றும் அனிராய்டு வட்டத்திலும் சரி, கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கின்றன. எனவே மானியில் படித்த அளவு இரட்டைப்படையில் இருக்க வேண்டும். 125/85 என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கோட்டில் படித்த எண் இல்லை. 120, 130, 140 என்று எப்போதும் பூஜ்யத்திலேயே முடிந்தால் அதுவும் சந்தேகம்தான். இதைச் சொன்ன நாளிலிருந்து 118, 126, 132 என்றெல்லாம் வர ஆரம்பித்தது.

மற்றவை நீங்கள் அறிந்ததே. ஐந்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாற வேண்டும், முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கை இதய மட்டத்தில், பேச்சு கூடாது. கைப்பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத ரத்தக்கொதிப்பு வந்துவிடும். முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்டெத் வைக்கும்போது அதற்கு மேல் 20 முதல் 30 வரை ஏற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் சிலருக்கு நடுவில் சத்தம் மறைந்து மீண்டும் வரும் இடைவெளியில் மாட்டிக்கொண்டு, 190 உள்ளவருக்கு 150 என்று எழுதிவிடுவோம். இறக்கும்போது வினாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. போதும். பிள்ளைகள் சர்ரென்று இறக்கிவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

34 வருஷம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். கடைசி எட்டு வருஷம் செவிலியர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன். காற்றில் கை தேய்க்கச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள் மேடம்.

குழந்தைகள் பள்ளியில் பயன்படுத்தும் போஸ்டர் கலர் நீலம் ஒரு பாட்டில் வாங்குங்கள். பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, உள்ளங்கையில் இரண்டு ஸ்பூன் ஊற்றி, "இதுதான் சோப்பு, கழுவு" என்று சொல்லுங்கள். முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். உள்ளங்கை முழுக்க நீலம். கட்டைவிரலின் பின்பக்கம் வெள்ளை. விரல் நுனி வெள்ளை. விரல் இடுக்கு வெள்ளை. வலது கைக்காரர்களுக்கு வலது கையே அதிகம் தப்பும், ஏனென்றால் அந்தக் கைதான் தேய்க்கிறது, அதைத் தேய்க்க இடது கை அவ்வளவு முனைவதில்லை. பார்த்த பிள்ளை அதை மறக்காது. புற ஊதா விளக்கும் ஒளிரும் பசையும் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் போஸ்டர் கலரே போதும்.

இன்னொன்று, மணிக்கட்டுக் கயிறு. கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, கறுப்புக் கயிறு. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் இருக்கும். அதை வெட்டச் சொல்லிச் சண்டை போட்டால் அம்மாவுக்குப் போன் போகும். நான் என்ன செய்வேன் என்றால், கயிறு கட்டிய பிள்ளையை அழைத்து, கழுவிய பிறகு அந்தக் கயிற்றை வெள்ளைப் பஞ்சில் அழுத்தச் சொல்வேன். அழுக்கு நீர் பஞ்சில் இறங்கும். "இதோடு பிரசவ வார்டுக்குப் போவாயா?" என்று மெதுவாகக் கேட்பேன். பலபேர் அவர்களாகவே அவிழ்த்து, கழுத்தில் உள்ள சங்கிலியில் கட்டிக்கொண்டார்கள். மோதிரமும் அப்படித்தான்.

கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்ற எண்ணத்தையும் முதல் நாளே அடித்துவிடுங்கள். ஒரே கையுறையோடு நாலு கட்டில் போகிறார்கள்.

கிராமத்து ஓபி:

எல்லாம் சரி. ஆனால் நடைமுறை ஒன்று இருக்கிறதே? நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். காலை ஓபியில் 150 பேருக்குக் குறையாது. கை சுத்தம் செய்ய வேண்டியது ஐந்து தருணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நோயாளிக்குத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் ஒவ்வொரு நிமிடம் கழுவினால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். ஓபியே அவ்வளவு நேரம்தான். தண்ணீர் வராத நாளும் உண்டு. கையும் வெடித்துப் போகிறது. கல்லூரியில் முடியாததைச் சொல்லிக்கொடுத்தால், வெளியே வந்ததும் பிள்ளைகள் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவார்கள். முடிந்ததைச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அகார் தட்டு:

டாக்டர், உங்கள் கணக்கு சோப்புக்குச் சரி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி ஆகும். ஆல்கஹால் ஹேண்ட் ரப் 20 முதல் 30 வினாடிதான், தண்ணீர் தேவையில்லை, குழாயடிக்கு நடக்க வேண்டாம். ஒருவரைத் தொட்ட பின் தேய்ப்பதே, நடுவில் வேறெதையும் தொடாதவரை, அடுத்தவரைத் தொடும் முன்பான தேய்ப்பும் ஆகிவிடும். 150 பேருக்கு 300 தடவை இல்லை, 150 தடவைதான். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ பட்டால் சோப்புதான். சி.டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வரும் வயிற்றுப்போக்குக்கும் சோப்புதான், ஏனென்றால் அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. மற்ற நேரமெல்லாம் ஹேண்ட் ரப். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் எத்தனால் 80 சதவீதம், அதோடு கிளிசரால் 1.45 சதவீதம். கிளிசரால் தோலுக்காகவே சேர்த்தது. ஈரக் கையில் ஹேண்ட் ரப் போடுவதும், சோப்பு போட்ட உடனே மறுபடி ஹேண்ட் ரப் போடுவதும் கை வெடிக்க முக்கியக் காரணம்.

இதெல்லாம் எழுத்தளவில் நின்றுவிடவில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் திதியே பித்தே என்ற மருத்துவரின் குழு, குழாயடியை நம்பாமல் ஹேண்ட் ரப்பைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தது. 1994இல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997இல் 66 சதவீதம் ஆனது. மருத்துவமனையில் பிடிக்கும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது.

மேடம், உங்கள் வகுப்புக்கு நுண்ணுயிரியல் துறையைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாணவரும் அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் தட்டு) விரல் நுனி பதிக்கட்டும். கழுவும் முன் ஒன்று, சோப்புக்குப் பின் ஒன்று, ஹேண்ட் ரப்புக்குப் பின் ஒன்று. 37 டிகிரி இன்குபேட்டரில் ஓர் இரவு. மறுநாள் அவரவர் தட்டை அவரவர் பார்க்கட்டும். ஒரு முன்னெச்சரிக்கை: சிலருக்குச் சோப்புத் தட்டில் முன்பைவிட அதிகம் முளைக்கும். தேய்த்ததில் தோலின் அடியில் குடியிருக்கும் கிருமிகள் மேலே வந்திருக்கும். மாணவர்கள் "கழுவினால் கூடுகிறதே" என்பார்கள். அந்தக் கேள்விதான் வகுப்பின் சிறந்த இடம். நம்மோடு வாழும் கிருமி எது, அடுத்த நோயாளியிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கிருமி எது என்று அங்கே விளக்கலாம்.

கை கழுவுதலைக் கொண்டுவந்த மருத்துவர் செம்மல்வெய்ஸ் கதையைச் சொல்வதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள், அது மருத்துவ மாணவர்களின் கதை. வியன்னாவில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவச்சிகள், மற்றதில் பிணப் பரிசோதனை முடித்து நேரே வரும் மாணவர்கள். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டிய இறப்பு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி வந்தது. நோய்க்குக் கிருமி காரணம் என்பது அப்போது நிலைபெறவில்லை. பிண வாடை போக வேண்டும் என்றுதான் அந்த நீரைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாம் ஆண்டு:

மேடம், நான் மாணவன். உங்கள் கல்லூரி இல்லை. எங்கள் பக்கத்தையும் சொல்லலாமா?

நாங்கள் மறக்கவில்லை. ரவுண்ட்ஸில் (நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது) சீஃப், அதாவது யூனிட்டின் தலைமை மருத்துவர், வேகமாகப் போவார். பின்னால் பிஜி (மேற்படிப்பு மாணவர்கள்), சிஆர்ஆர்ஐ (பயிற்சி மருத்துவர்கள்), கடைசியில் நாங்கள். யாரும் பாட்டிலைத் தொடாதபோது நான் மட்டும் நின்று தேய்த்தால் ஒரு கட்டில் தாண்டிவிடும், அங்கே சொன்னது காதில் விழாது. ஒரே ஒரு யூனிட்டில் சீஃப் ஒவ்வொரு கட்டிலிலும் தேய்ப்பார். அங்கே போஸ்டிங் போன மாதம் நாங்கள் எல்லோரும் தேய்த்தோம். அடுத்த யூனிட் போனதும் நின்றுபோனது. இதுதான் உண்மை.

இன்னொரு சின்ன விஷயம். எங்களில் நிறையப் பேர் கையில் கடிகாரம் இல்லை. நாடி எண்ண போனை எடுக்கிறோம். ஒரு கை மணிக்கட்டில், மறு கை போனில். அந்தப் போன் கேன்டீனுக்கும் வரும். மூச்சு எண்ணுவது விட்டுப்போவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். போனைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஒருவரின் நெஞ்சைப் பார்த்து நின்றால், படம் எடுக்கிறோம் என்று நோயாளியோடு இருக்கும் உறவினர்கள் கோபப்படுகிறார்கள். பெண் நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, நல்ல கேள்வி கேட்டாய். நாடி எண்ணி முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காதே. அந்தம்மா இன்னும் நாடிதான் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொள்வார். அவர் கையை மெதுவாக அவர் வயிற்றின் மேல் மடக்கி வைத்துக்கொள். மூச்சு ஏறி இறங்கும்போது அந்தக் கையே ஏறி இறங்கும், நெஞ்சை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. முழு நிமிடம் எண்ணு. "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும்.

குழந்தைக்கு அம்மா மடியில் இருக்கும்போதே எண்ணு, அழவிட்டு எண்ணாதே. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு.

கடிகாரத்துக்கு: சுவர்க் கடிகாரம், வினாடி முள்ளோடு. எங்கள் வார்டில் நாங்களே காசு போட்டு வாங்கி மாட்டினோம்.

மழைநாட்டு மருத்துவர்:

மதுரைப் பக்கம் படித்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் வேலை. இங்கே 2007 முதல் முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது. கடிகாரம், முழுக்கை கோட், வளையல் எதுவும். செவிலியர்கள் சட்டையில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கடிகாரம் குத்தியிருப்பார்கள். நம் ஊரில் அது கிடைக்காவிட்டாலும் சுவர்க் கடிகாரம் போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே வைட்டல்ஸ் எழுதினால் எழுதியதோடு நிற்காது. ஒவ்வொரு அளவுக்கும் மதிப்பெண் உண்டு, கூட்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வரும். 2012இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் கொண்டுவந்த முறை, 2017இல் திருத்தினார்கள். அதில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஒரு அளவுக்கே 3 புள்ளி. 3 என்பது எந்த அளவுக்கும் கிடைக்கும் உச்சம். நம் பிள்ளைகளுக்கு அந்த எண்ணால் எதுவும் நடக்காது என்று தெரியும், அதனால்தான் 18 எழுதுகிறார்கள். "28 வந்தால் நீ என்ன செய்வாய்?" என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பள்ளி ஆசிரியை:

நான் மருத்துவத் துறை இல்லை. படித்துக்கொண்டே வந்ததில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு 61 வயதில் காய்ச்சலும் இருமலும் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இரவு அம்மாவால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. "தண்ணி" என்பார், மூச்சு வாங்குவார், "கொடு" என்பார். நான் இரண்டு முறை போய்ச் சொன்னேன். சார்ட்டைப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்தான்" என்றார்கள். கட்டிலில் தொங்கிய தாளை நானே எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளாக 18 என்றே இருந்தது. அது என்ன எண் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விடியற்காலை ஒரு இளம் மருத்துவர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று கையில் மருந்து தேய்த்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். தேய்த்து முடியும் வரை வேறெங்கும் பார்க்கவில்லை. பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். "36" என்று நர்ஸிடம் சொன்னார். அரை மணி நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அம்மா பிழைத்துக்கொண்டார். இப்போதும் அந்த டாக்டரைச் சொல்லும்போது "சில்லுன்னு கை வச்சாளே, அந்தப் பொண்ணு" என்றுதான் சொல்வார். அந்த மூன்று நாளும் வேறு யாரும் கையைப் பிடித்து நின்றதாக அம்மாவுக்கு நினைவில்லை.

கிராமத்து ஓபி:

அம்மா, எழுதியதற்கு நன்றி. என் பக்கத்தில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 20 வினாடி வீண் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த 20 வினாடியும் நோயாளியைப் பார்க்கும் நேரம் என்று எண்ணியதில்லை. நாளை முதல் பாட்டிலை மேசையின் இடது பக்கம் வைத்துக்கொள்கிறேன். அடுத்தவர் வாசலில் இருந்து நாற்காலிக்கு வருவதற்குள் தேய்த்துவிடலாம். அவர் எப்படி நடக்கிறார், எப்படி மூச்சு விடுகிறார் என்பதையும் பார்த்துவிடலாம்.

ஏழாம் வார்டு:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மாவுக்குத் தனியாக. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பாடத்தை மாற்றினேன். கை சுத்தம் ஒரு வகுப்பு, வைட்டல்ஸ் ஒரு வகுப்பு என்று பிரித்து வைத்திருந்தேன். இரண்டையும் ஒன்றாக்கினேன்.

முதல் குழு நேற்று முடிந்தது. போஸ்டர் கலரில் தொடங்கினோம். கட்டைவிரல், சிஸ்டர் சொன்னது அப்படியே. பிறகு ஐந்து பேர் ஐந்து பேராக வார்டுக்கு அழைத்துப் போனேன், நோயாளிகளிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். கட்டாயம் ஒன்றுதான்: கால்மாட்டில் நின்று ஹேண்ட் ரப் தேய், தேய்க்கும் நேரம் முழுக்க நோயாளியைப் பார், கை காய்ந்ததும் போய் நாடியைப் பிடி, விரலை எடுக்காமல் மூச்சை எண்ணு. முதலில் ஒவ்வொரு கட்டிலிலும் நான் செய்தேன். எண்ணாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடலாம், காலிக் கட்டத்துக்கு நான் திட்ட மாட்டேன், எண்ணாத எண்ணுக்குத் திட்டுவேன் என்றும் சொல்லியிருந்தேன்.

தாள்களைப் பார்த்தேன். 16, 22, 19, 14, 26. நான்கு கட்டங்கள் காலி. 26 எழுதிய பெண் ஓடி வந்து, "மேடம், ரெண்டு தடவை எண்ணினேன், தப்பா இருக்குமா?" என்று கேட்டாள். நானும் போய் எண்ணினேன். 26தான். அந்தத் தாத்தாவுக்கு அன்று மாலையே மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரலின் அடியில் நீர் கோத்திருந்தது.

அகார் தட்டுகள் இன்று இன்குபேட்டரில். நாளை காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறேன்.